18 கேட்டால் 25-ஐப் பிரித்துக் கொட்டச் சொல்லாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டார மருந்துக்கடைக்காரர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிற்காமல், ஓயாமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். டாக்டர் சீட்டை நீட்டி நீட்டி நானே தெரிய வைத்திருக்கிறேன். கேட்பது ஒன்றுதான்: அதற்கான மருந்து அட்டோமாக்ஸெட்டின் 18 மி.கி., மாதம் 30 கேப்சூல். தயவுசெய்து வாங்கி வையுங்கள்.

போன வாரம் ஒரு கடையில் 18 இல்லை, 25 இருக்கிறது என்றார்கள். "கேப்சூலைப் பிரிச்சுக் கொஞ்சம் கொட்டிட்டு, தேன்ல கொழைச்சுக் கொடுங்க ஆச்சி" என்று யோசனை வேறு. அண்ணே, அதைப் பிரிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் வரும். முழுசாகத்தான் விழுங்க வேண்டும். இதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் பஸ் ஏறினேன். திருப்பத்தூர், மேலூர், மதுரை மாட்டுத்தாவணி. அங்கிருந்து ஆட்டோ. மூன்றாவது கடையில் கிடைத்தது. வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கைக்குள் அடங்குகிற மூன்று அட்டைக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதற்குள் பிள்ளைக்கு ஐந்து நாள் மருந்து விட்டுப்போயிருந்தது. இது இன்று விழுங்கி நாளை பலன் தெரிகிற மருந்தும் இல்லை. நன்றாகப் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. அவன் இப்போதுதான் ஒரு கணக்கை உட்கார்ந்து முடிக்க ஆரம்பித்திருந்தான்.

இன்னொரு கடையில், "இது போதை மாத்திரை மாதிரியா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இதே கோளாறுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்தான் 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. இது அந்த வகை இல்லை. பையனுக்குத் தன்னை அறியாமல் கண் சிமிட்டும் பழக்கம் (டிக்) இருப்பதால்தான் டாக்டர் இதை எழுதினார். சீட்டு இல்லாமல் நான் கேட்டதும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் "ரெண்டு அடி போட்டாச் சரியாயிரும்" என்கிறார்கள். சொந்தக்காரர்களோ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். முகம் வெளுக்கும் கிரீம் மட்டும் உங்கள் கண்ணாடி அலமாரியில் வரிசை வரிசையாக இருக்கிறது, அது ஒரு நாளும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. சரி, விடுங்கள். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

ஒரு ஆளுக்காக வாங்கினால் தேதி முடிந்து வீணாகும் என்பது உங்கள் கவலை. நியாயம்தான். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே தருகிறேன். சீட்டு எழுதி வாங்கி வரும் நாலைந்து அம்மாக்கள் எனக்குத் தெரியும், அவர்களையும் உங்கள் கடைக்கே வரச் சொல்கிறேன். யாராவது ஒரு கடை மட்டும் இந்த மருந்தில் 10 மி.கி.யும் 18 மி.கி.யும் வைத்திருந்தால் போதும். சரக்கு வராது என்றால் ஒரு வாரம் முன்னால் போனில் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை சீட்டோடு வருகிறேன். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியில் ஒரு தாய்