அந்தக் கை நடுவில் இருக்கட்டும்

விழா ஏற்பாட்டுச் செயலவைத் தலைவர் ஐயா அவர்களுக்கும் செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு பினாங்கு ஜார்ஜ்டவுன் மண்டபத்தில் நடந்ததை முன்வரிசையிலிருந்து நீங்களே பார்த்தீர்கள். நாட்டுப்புறப் பாட்டுக் குழு மேடையேறியதும், குழுவை நடத்துகிற வாத்தியார் சபைக்கு முதுகு காட்டி நிற்கிறார், பிரமுகர்களுக்கு மறைக்கிறது என்று சொல்லி அவரைத் திரையோரம் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாவது சரணத்தில் பாட்டு இரண்டாகப் பிரிந்தது. பயிற்சி போதவில்லை என்று பிறகு உங்கள் தரப்பிலேயே பேசிக்கொண்டார்கள். அது பயிற்சியின் குறை இல்லை ஐயா, வாத்தியாரை நிறுத்திய இடத்தின் குறை.

அந்த மேடை 12 மீட்டர் அகலம் இருக்கும். பறையும் உறுமியும் இடது ஓரத்தில் இருந்தன. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். வலது கோடியில் நிற்கும் பெண்களுக்குப் பறையடி கேட்க 35 மில்லிநொடி ஆகிவிடும். காதை நம்பிப் பாடினால் அவர்கள் அவ்வளவு பிந்துவார்கள். அவர்களைக் கேட்டு நடுவில் இருப்பவர்களும் இழுப்பார்கள். தாலாட்டில் இது தெரியாது. நடவுப்பாட்டிலும் கும்மியிலும் கைத்தட்டே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கு அந்தத் தாமதம் கிடையாது. எல்லாரும் ஒரே கையைப் பார்த்தால் ஒன்றாக எடுப்பார்கள். அதனால்தான் வாத்தியார் நடுவில், குழுவின் முன்வரிசைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார்.

அந்தக் கை தாளம் மட்டும் போடுவதில்லை. முன்பாட்டுக்காரர் பாட்டின் அடியை இழுத்து முடிக்கிற இடம் பாடப் பாட மாறும். நாட்டுப்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. பின்பாட்டுக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டுமே! அதற்காக ஒரு தட்டு முன்பே கை உயரும், அடுத்த தட்டில் இறங்கும், எல்லாரும் எடுப்பார்கள். கை தெரியாவிட்டால் துணிந்தவர் முதலில் எடுப்பார், மற்றவர்கள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அன்றைக்கு நாம் கேட்டது அதைத்தான்.

முன்பே பதிவு செய்த இசைத்தடத்தைப் போட்டுப் பாடிவிடலாமே என்றும் உங்களில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணையும் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணையும் சேர்த்து நிறுத்தினால், இருவருக்கும் தொண்டை கட்டாத ஒரு சுருதியை இடையில் தேட வேண்டும். குரலுக்குக் குரல் கேட்டு வாத்தியார் வாரக்கணக்கில் தேடுவது அதைத்தான். இசைத்தடம் யாருக்காகவும் இறங்கி வராது, முன்பாட்டுக்காரர் இழுக்கும்போது காத்திருக்கவும் செய்யாது.

சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய எம்.பி. சீனிவாசன், 1988இல் லட்சத்தீவுப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்தான் காலமானார். இந்தத் தொழில் ஆளை அப்படித்தான் வாங்கிக்கொள்ளும். நம் ஊரிலும், பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பாடிய பாட்டிமார்களைத் தேடி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செபராங் பிறை வரை போய் ஒவ்வோர் அடியாகப் பாட்டைக் கேட்டு எழுதி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து இரவில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அழைப்பிதழில் விளக்கேற்றுகிறவர், சிறப்பு வருகை தருகிறவர், நன்றி சொல்கிறவர் என்று எல்லார் பெயரும் வருகிறது. வாத்தியார் பெயர் மட்டும் வருவதில்லை. மாலையும் பொன்னாடையும் இவரைத் தாண்டியே போகின்றன. குழு முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கிற பண உறை, பறைக்குத் தோல் மாற்றக்கூடப் பற்றாது. கடற்காற்றின் ஈரத்தில் தளர்ந்த தோலைச் சூடு காட்டி இறுக்க மண்டபத்துக்கு வெளியே ஓர் இடம் கேட்டதற்கும் அன்று பதில் இல்லை.

மனம் வெந்து எழுதுகிறோம், கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: வாத்தியாரை நடுவில் நிற்க விடுங்கள். பிரமுகர்களுக்கு மறைக்கும் என்றால், மேடைக்குக் கீழே நடுவில் ஓரடி உயரப் பலகை போட்டு, அவர் கையில் விழும்படி ஒரு விளக்கு வையுங்கள். யாருக்கும் மறைக்காது, குழுவுக்கும் கை தெரியும். வரும் பொங்கல் விழாவுக்கு மேடை வரைபடம் போடும்போதே அந்த இடத்தைக் குறித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்பாட்டுக்காரர்கள்,
பினாங்கு