இலவசக் கல்வியின் கணக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும்

அன்புள்ள மகளுக்கு,

இலங்கை அரசு கல்விக்குச் செலவிட்ட பணம் எழுபது ஆண்டுகளில் எப்படி ஏறி இறங்கியது என்று நீ உன் ஆய்வுக்காகத் தொகுத்து அனுப்பிய அட்டவணையை நிதானமாகப் படித்தேன். 1960களில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்தைத் தாண்டியிருந்த செலவு பின்னர் 2 சதவீதத்தைச் சுற்றியே நின்றுவிட்டது ஏன் என்றும், இலவசக் கல்வியை எந்தக் கட்சியும் வாயளவிலேனும் கைவிடாத ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்றும் கேட்டிருந்தாய். அந்த அட்டவணையின் முற்பாதியில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் நான் தோட்டப் பாடசாலை மாணவன். பிற்பாதியில் அதே மலையகத்தில் ஆசிரியன், அதிபர். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த மனிதரின் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. கட்டணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளை நல்ல கல்வி பெறவேண்டும் என்று அவர் சட்டசபையில் ஆண்டுக்கணக்காக வாதாடினார். அதற்காக மத்திய மகா வித்தியாலயங்களைக் கிராமப்புறங்களில் எழுப்பினார். ஆனால் அந்தக் கனவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை உன் ஆய்வின் முதற் பக்கங்களிலேயே எழுது. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமான பின்னர் நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பர் இன்றியமையாததாகிவிட்டது. தேயிலைக்கும் உறுதியான சந்தை இருந்தது. ஏற்றுமதித் தீர்வையாகவும் தோட்டக் கம்பெனிகளின் வருமான வரியாகவும் திறைசேரிக்குள் வந்த அந்தப் பணம்தான் இலவசக் கல்விக்கும் இலவச மருத்துவத்துக்கும் மலிவு அரிசிக்கும் அடித்தளமாயிற்று. உன் பாட்டி கூடை சுமந்து பறித்த கொழுந்து அந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் பெற்ற பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை.

இல்லை என்று நான் சொல்வது மனக்குறையால் அல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து போயிற்று. வாக்கில்லாத மக்களுக்காக வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி கூட்டவேண்டும் என்ற நெருக்கடி எந்த அமைச்சருக்கும் இருக்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசு, உதவி பெற்ற பாடசாலைகளை ஆயிரக்கணக்கில் தன் கைக்கு எடுத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்திடமே விடப்பட்டன. நான் படித்தது அப்படிப்பட்ட ஒன்றில்தான். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். ஒரு வகுப்பு சுவரைப் பார்த்து உட்காரும், இன்னொன்று வாசலைப் பார்த்து. கரும்பலகையின் ஒரு பக்கத்தில் இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு, மறுபக்கத்தில் நான்காம் வகுப்புக்குத் தமிழ். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பத்து வயதுப் பெண் பிள்ளை லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, நின்றுவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். ஆசிரியரின் சம்பளத்தைத் தோட்டத்தை நிர்வகித்த துரை கொடுத்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எதுவும் இல்லை. அதே ஆண்டுகளில்தான் உன் அட்டவணை தன் உச்சத்தைக் காட்டுகிறது. தேசிய சராசரியை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். நீ அப்படி எழுதிவிடாதே.

அந்த உச்சத்துக்கு முன்பே ஓர் எச்சரிக்கை இருந்தது என்பதையும் பார். கொரியப் போரால் 1950-51இல் ஏறிய ரப்பர் விலை விரைவிலேயே விழுந்தது. அரிசியின் உலக விலையோ ஏறியது. 1953 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். அதே திட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்வந்த அரசாங்கங்கள் அரிசியைத் தொட அஞ்சின. பிள்ளைகளின் உணவுக்காக அதே வேகத்தில் யாரும் தெருவில் இறங்கவில்லை என்பதையும் அவை கண்டுகொண்டன. பணம் குறையும்போது எதை முதலில் வெட்டலாம் என்ற வழக்கம் இந்த நாட்டில் அந்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பிள்ளைகளின் தொகை பெருகியது, பாடசாலைகள் பெருகின, ஆசிரியர் நியமனங்கள் பெருகின. அவற்றைத் தாங்கவேண்டிய ஏற்றுமதி மட்டும் பெருகவில்லை. தேயிலையின் விலை சரிந்துகொண்டே போக, இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. படித்து வேலை கிடைக்காத இளைஞர்கள் 1971இல் ஆயுதம் ஏந்தினார்கள். 1973-74இல் எண்ணெயும் உணவும் சேர்ந்து எகிறியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்த நாட்களைப் பற்றி நான் உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், இங்கே நீட்டவில்லை.

1977க்குப் பின் நடந்ததுதான் நம் வரலாற்றின் மிகப்பெரிய முரண். தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான பிறகு, 1977இலிருந்து படிப்படியாகத் தோட்டப் பாடசாலைகளும் அரச பாடசாலைகளாயின. நமக்குக் கதவு திறந்தது. திறந்த அதே நேரத்தில், திறந்த பொருளாதாரத்துக்கு மாறிய அரசு தன் முதலீட்டை மகாவலித் திட்டத்துக்கும் வீடமைப்புக்கும் சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் திருப்பியிருந்தது. கல்விக்கான பங்கு இறங்கத் தொடங்கியிருந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. புதுப் புத்தகத்தை முகத்தோடு சேர்த்து முகர்ந்த பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்தவன் நான். ஆனால் நம் பாடசாலைகளுக்குத் தேவைப்பட்டது கட்டிடம், கழிப்பறை, பயிற்சி பெற்ற ஆசிரியர். அந்தக் கட்டிடங்களில் பல சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியால் எழுந்தன. ஆசிரியர் பயிற்சிக்கென்று பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு ஜேர்மனி உதவியது. நாட்டின் திறைசேரியை நிரப்பிய மக்களின் பிள்ளைகளுக்கு அந்நிய நாட்டின் வரிப்பணம்தான் வகுப்பறை கட்டிக் கொடுத்தது. இதை எழுதும்போது நன்றியும் வேதனையும் சேர்ந்தே வருகின்றன.

போர்க்காலத்தைப் பற்றி உன் அட்டவணையே பேசுகிறது. 1990களின் நடுப்பகுதியில் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைத் தாண்டியது. கல்வி அதன் பாதியை எட்டினாலே அதிகம் என்ற நிலை. 2009இல் போர் முடிந்ததும் அந்தப் பணம் பாடசாலைக்குத் திரும்பும் என்று நாங்கள் நம்பினோம். திரும்பவில்லை. பாதுகாப்புச் செலவு ரூபாய்க் கணக்கில் குறையவில்லை, நெடுஞ்சாலைகளும் துறைமுகமும் கடனில் எழுந்தன. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் கல்விக்கு 6 சதவீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. அந்த 6 என்ற எண் சுவர்களில் எழுதப்பட்டது, பின்னர் தேர்தல் வாக்குறுதிகளில் ஏறியது, நடைமுறைக்கு மட்டும் வரவில்லை.

நேர்மையாகச் சொல்லவேண்டிய இன்னொன்று உண்டு. சதவீதம் இறங்கியது அத்தனையும் வெட்டு அல்ல. பிறப்பு வீதம் குறைந்து, பாடசாலை வயதுப் பிள்ளைகளின் பங்கு மக்கள்தொகையில் சுருங்கியது. ஆகவே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று நீ தனியே கணக்கிடவேண்டும். ஆயினும் அந்தக் கணக்கும் ஆசிரியர் சம்பளத்தைக் கீழே வைத்துக்கொண்டதால்தான் சமாளிக்கப்பட்டது. 1997இலிருந்து நீடித்த சம்பள முரண்பாட்டுக்காக 2021இல் ஆசிரியர்கள் போராடியது உனக்கு நினைவிருக்கும். பாடசாலை கொடுக்கத் தவறியதை ரியூசன் வகுப்பு விற்கிறது, பெற்றோர் வாங்குகிறார்கள். அந்தச் செலவு அரசின் எந்தக் கணக்கிலும் வராது. கொழுந்துச் சம்பளத்தில் அதற்கு இடமும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் அடியில் வரி இருக்கிறது. 1990இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 19 சதவீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் 8 சதவீதமளவுக்கு இறங்கிவிட்டது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது கடைசி அடி. ஆனால் இறக்கம் அதற்கு வெகு முன்பே தொடங்கியது. சுருங்கும் வருமானத்தில் வட்டியையும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கொடுத்த பின் மிஞ்சுவதே பாடசாலைக்கு வரும். அது எப்படி வரும் என்பதை நான் அதிபராக இருந்து பார்த்திருக்கிறேன். கற்பித்தல் பொருட்கள் வாங்கத் தரப்படும் தர உள்ளீட்டு நிதி ஆண்டின் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டதாகக் கடிதம் இருக்கும். பணம் மூன்றாம் தவணையின் இறுதியில் வரும். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். பிரிஸ்டல் போர்டும் பேஸ்டல் பெட்டிகளும் அவசரமாக வாங்குவோம், ஏனெனில் அவற்றுக்குத்தான் அந்தப் பணத்தைச் செலவிடலாம். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு உடைந்து கிடக்கும், திருத்த வேலை வேறு தலைப்பு, அந்தத் தலைப்பில் அந்த ஆண்டு ஒன்றுமில்லை. நகரத்துத் தேசிய பாடசாலையில் பழைய மாணவர்கள் நீச்சல் தடாகம் கட்டிக் கொடுப்பார்கள். நம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைய அரைநாள் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்து வந்த தாய்மார்கள். ஆகவே ஒதுக்கீட்டை மட்டும் பார்த்து எழுதாதே; உண்மையில் விடுவிக்கப்பட்டது எவ்வளவு என்று தேடு.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முந்திய மாதமே தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போயிருந்தது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு பாடநூல் அச்சிட இந்தியக் கடனுதவியில் தாள் வந்தது, சீருடைத் துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து அன்பளிப்பாக வந்தது. இப்போது பன்னாட்டு நாணய நிதியத்துடனான உடன்பாட்டின்படி, வட்டி நீங்கலான கணக்கில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதத்தை அரசு மிச்சம் பிடிக்கவேண்டும். வரி வசூல் கூடியிருக்கிறது, ஆனால் 2023இல் அரச வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. கூடிய வரியின் பெரும்பகுதி மறைமுக வரி. அதை லயத்துக் குடும்பமும் மா வாங்கும்போது கட்டுகிறது.

கல்விச் செலவு பொருளாதார வளர்ச்சியைத் தானாகப் பின்தொடர்கிறது என்று உன் மேற்பார்வையாளர் கருதுவதாக எழுதியிருந்தாய். இந்த நாட்டுக்கு அது பொருந்தாது. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது, கல்வியின் பங்கு 2 சதவீதத்துக்குக் கீழே கிடந்தது. நெருக்கடி வந்தால் கல்வி குறைகிறது. வளம் வந்தால் யார் வலுவாகக் கேட்கிறார்களோ அவர்களிடம் போகிறது. வாக்குரிமை திரும்பி நம் மக்கள் கேட்கும் வலுவைப் பெற்றபோது, கொடுப்பதற்கிருந்த நல்ல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே, பின்தங்கியவர்களுக்குச் சமமாக ஒதுக்குவது போதாது, இழந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதலாக ஒதுக்கவேண்டும் என்பதை நீ வாதமாகவே முன்வைக்கவேண்டும் என்று விரும்புகிறேன். நுவரெலியா மாவட்டத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடங்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.

மத்திய வங்கியின் பழைய ஆண்டறிக்கைகளில் கட்டிடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவும் சம்பளம் போன்ற மீண்டெழும் செலவும் தனித்தனியே இருக்கும். அவற்றைப் பிரித்து எடுத்துக்கொள். நான் பணியில் சேர்ந்த காலத்துச் சுற்றறிக்கைகள் சில என் பெட்டியில் இருக்கின்றன. கோட்டக் கல்வி அலுவலகத்தில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் இருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் போய் வாங்கி, படமெடுத்து அனுப்புகிறேன். எந்த ஆண்டுகள் உனக்கு முதலில் வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா