கேக் வெட்டிய பிறகு நடப்பது

கொழும்பு நிறுவனங்களின் மனிதவள முகாமையாளர்களுக்கு,

வணக்கம்.

தலையில் அடிபட்டு, மூளைக் காயத்தோடு பிழைத்த ஒருவர் வேலைக்குத் திரும்பும் நாளில் உங்கள் அலுவலகங்களில் கேக் வெட்டுகிறார்கள். நல்ல விஷயம். நான் எழுதுவது நாலைந்து மாதம் கழித்து நடப்பதைப் பற்றி. கேக் ஊட்டிவிட்ட அதே ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு, "உங்கட நன்மைக்குத்தான் சொல்றம்" என்று ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டுவார்கள். என்னிடமும் நீட்டினார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அதே வேலையை இப்போது வேறோர் இடத்தில் செய்கிறேன்.

கப்பல் சரக்கு ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. ஒரு கொள்கலனின் அடையாளம் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும். விபத்துக்கு முன் ஒரே பார்வையில் பிடித்து அடித்துவிடுவேன். இப்போது தாளிலிருந்து கண் திரைக்குப் போவதற்குள் பின்பாதி மறந்துவிடும், அதிலும் பக்கத்தில் யாராவது கிரிக்கெட் கதைத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, இலக்கத்தை மூன்று துண்டாக உடைத்து அடிக்கிறேன். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முன்னால் ஒன்றைப் பிழையாக அடித்தால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். வேகம் குறைந்தது, பிழை கூடவில்லை. பழைய இடத்தில் வேகத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு வரும் களைப்பு, தேத்தண்ணி குடித்தால் போகிற களைப்பு இல்லை. தொலைபேசிச் சத்தம், குழல் விளக்கு, மூன்று மொழியும் கலந்த கூட்டம் என்று முன்பு கவனிக்காமலே கடந்துபோன ஒவ்வொன்றுக்கும் இப்போது தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது. களைத்தால் எனக்கு முதலில் ஆங்கிலம் கைவிட்டுப் போகும், அப்புறம் சிங்களம், கடைசியில் பொறுமை. வெளியே தழும்பு இல்லை. சிலருக்கு ஸ்கேனில்கூட ஒன்றும் தெரியாது. "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்ற கதை அப்படித்தான் கிளம்புகிறது. தானாக ஒரு வேலையைத் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும் காயத்தின் விளைவுதான். உங்கள் கோப்பில் அது 'அக்கறையின்மை' என்று ஏறிவிடுகிறது.

முதல் மாதம் அரைநாள் வேலை, பக்கத்து மேசைக்காரரின் உதவி எல்லாம் கிடைக்கும். பிறகு "இப்ப சுகம்தானே" என்று அத்தனையும் ஒரேயடியாக நிற்கும். மேற்பார்வையாளரும் மாறியிருப்பார். ஆள் தடுமாறுவது அங்கேதான்.

சட்டம் உங்களுக்கே தெரியும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்குப் போய் அனுமதி கேட்பதைவிட, களைத்துப்போன ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 27 ஆம் உறுப்புரை, வேலையில் இருக்கும் காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவர்களையும் சேர்த்தே பேசுகிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்ததைக் கொடுங்கள். கதவுக்கும் பிரிண்டருக்கும் தள்ளி ஓர் இருக்கை போதும். வேலை நேரத்தை மெதுவாகக் கூட்டுங்கள், தேவைப்பட்டால் குறைக்கவும் இடம் வையுங்கள். நாலாம் மாதத்தில் குறை தெரிந்தால், கடிதம் தயாரிக்க முன் அவருக்குச் சிகிச்சை அளித்த தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) ஒரு வார்த்தை கேளுங்கள். எதில் கையெழுத்துக் கேட்டாலும், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, வீட்டாரோடு கதைக்க ஒரு கிழமை கொடுங்கள்.

இதையெல்லாம் உங்கள் ஊழியர் கைநூலில் எழுத்தில் சேருங்கள். நல்ல மனசுள்ள முகாமையாளர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அது இருக்கும். வரைவைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கூட்டத்தை மட்டும் காலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஓர் ஆவண எழுதுவினைஞர்