மூன்றாவதுதான் கிடைத்தது

தலவாக்கலை
ஞாயிறு இரவு

மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று தங்கச்சி சொன்னாள். சரி, முதலில் என்னைத் திட்டி முடி. அப்புறம் படி.

அந்த மழையில் மண் சரிந்து ரோடு மூடி, நாலு நாள் கரண்ட் இல்லை. டவர் முதல் நாள் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு அதுவும் படுத்துவிட்டது. என் போன் செத்து அரிசி டின் மேல் கிடந்தது. நீ அடித்துப் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். வாய்ஸ் மெயிலில் பேசியும் வைத்திருப்பாய் என்று நினைக்கவே இல்லை.

கரண்ட் வந்ததும் திரையின் மூலையில் இரண்டு வட்டம், அடியில் ஒரு கோடு. கம்பனிக்காரன் விளம்பரம் என்று விட்டுவிட்டேன். ரெண்டு கிழமை கழித்து மகள்தான் கேட்டாள்: "அப்பா, இது என்ன மூக்குக் கண்ணாடி?" உற்றுப் பார்த்தேன். கண்ணாடியா அது? கேசட்டுக்குள் சுற்றும் ரெண்டு சக்கரம் மச்சான்! அவள் பிறக்கும்போது கேசட் செத்துப் போயிருந்தது, அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்றாம் நம்பரை அழுத்திப் பிடித்தேன். அந்தப் பெண் மூன்று மொழியிலும் பேசி ஓய்ந்ததும் உன் குரல்:

"இது மூணாவது தடவை. முதல் ரெண்டுலயும் சொன்னத திருப்பிச் சொல்ல மாட்டேன். லயத்து வீடுகளுக்கு ஒண்ணும் ஆகலியே? அம்மா சாப்பிட்டாங்களா?"

கேட்டுவிட்டு நீ சும்மா இருந்தாய். பின்னால் ஏதோ கதவு சாத்தும் சத்தம். பிறகு, "சரி, வைக்கிறேன்."

முதல் ரெண்டும் இல்லை. குறிப்பிட்ட நாளுக்குள் கேட்காவிட்டால் தானாகவே அழிந்துவிடுமாம். என் போனில் இருந்திருந்தால் எப்படியாவது தோண்டி எடுத்திருப்பேன். ஆனால் அது போனில் இருப்பதே இல்லை, கம்பனியின் இயந்திரத்தில்தான் இருக்கிறது. போன் செத்தாலும், டவர் விழுந்தாலும் நீ பேசியது அங்கே பத்திரமாக இருக்கும். அதுதான் அதன் நன்மை. கேட்க ஆள் வராவிட்டால் அவர்களே துடைத்தும் விடுவார்கள்.

இதை என் சிம்மில் போட்டுவிட்டவன் ரீலோட் கடைப் பையன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் வீட்டில் பெரிய சண்டை. கொழும்பில் கார்மென்ட்ஸில் இருக்கும் தங்கச்சியின் மகள் ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறிவிட்டாள், ரெண்டு ரிங் விட்டால் ரூமுக்குப் போய்விட்டாள். சல்லிக்காசு செலவில்லை. இப்போது என் போனுக்கு லைன் கிடைக்காவிட்டால் ரிங்கே போகாமல் மெஷின் எடுத்துவிடுகிறது. எடுத்தாலே அது பேசின கணக்கு, அவள் காசு போய்விடும். "மாமா, உங்க மெஷினுக்கு நான் ஏன் காசு கட்டணும்?" என்கிறாள். நியாயம்தானே! ##002# அடித்தால், அழைப்பை மெஷினுக்குத் திருப்பிவிடும் டைவர்ட் எல்லாம் போய்விடும் என்றார்கள். விரல் வைத்தேன், அடிக்கவில்லை.

மகள் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள், கோர்டன் மெத்யூஸ் என்ற அமெரிக்கர் இதற்கு 1983இல் காப்புரிமை வாங்கினாராம். நமக்கு 1983 என்றால் கலவர ஞாபகம். அதை அவளிடம் சொல்லவில்லை.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? உங்கம்மா குவைத்திலிருந்து அனுப்பிய கேசட். உங்கள் வாசல் இஸ்தோப்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, நீ பென்சில் விட்டுச் சுற்றி நாடாவை இறுக்கினாய். நடுவில் அம்மா, "அப்பாயி, கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்கள். நாடா மட்டும் சர்ரென்று ஓடியது. அப்பாயி கேசட்டைப் பார்த்து, "பரவால்லடி, நீ ஒழுங்காத் திங்கிறியா?" என்றார்கள். நாம் சிரித்தோம். நீ எங்களை விடச் சத்தமாகச் சிரித்தாய்.

"அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு நீ நிறுத்திய இடத்தில் எனக்கு அதுதான் வந்தது. நானும் வாயைத் திறந்து, "சாப்பிட்டாங்கடா" என்றேன். மகள் சிரித்தாள்.

நமக்குச் செய்தி பிந்துவது என்ன புதிதா? லயத்துக்கு ஏது விலாசம்? எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வரும். உன் இன்டர்வியூ கடிதம் அங்கே கிடந்து, நாள் முடிந்த மறுநாள் உன் கைக்கு வந்ததே. அன்று நீ அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பிறகு மடிக்க முடியாமல் வைத்திருந்தாய். இந்த முறை பிந்தியது ஆபீஸ் அல்ல, நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, உனக்கு இரவு பத்து, நானே அடித்தேன். உன் மெஷின் எடுத்தது. நீ ஆங்கிலத்தில் என்னமோ கனவான் மாதிரிச் சொன்னாய், அப்புறம் பீப். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் நின்ற மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆ... மச்சான்..." என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். அந்த மூச்சு வாங்கல் நான்தான், வேறு யாரோ என்று பயப்படாதே. அங்கே ஆபீஸ் ஆட்கள் நாள் முழுக்க இப்படிப் பேசி வைக்கிறார்களாமே, எப்படித்தான் முடிகிறதோ!

அதனால்தான் இந்தக் கடிதம். லயம் இருக்கிறது, கடைசிக் காம்பரா அறையின் பின்சுவரில் மட்டும் வெடிப்பு. அம்மா சாப்பிடுகிறார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னால் கோபம் வருகிறது.

முதல் ரெண்டிலும் என்ன சொன்னாய்? திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுது.

உன்,
கட்டையன்