திறந்த காரின் முறுக்கம்: கோவை நண்பருக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே அனைவரும் நலம். மழை விட்டுவிட்டது; தெருவில் தோண்டிய பள்ளங்கள்தாம் இன்னும் மூடப்படவில்லை. ஓய்வுக் காலத்தில் 1960-களின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேயத் திறந்த கார் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று படித்ததும், உள்ளதைச் சொன்னால், பொறாமையாகத்தான் இருந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரை நெருங்கும்போது டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் நடுங்குகின்றன, ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு மூட மறுக்கிறது, அடியில் கனத்த இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டறைக்காரர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் காருக்கும் சென்னைக்கும் பங்காளி உறவு உண்டு. வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை, அதாவது ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவத்தை, மவுண்ட் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நாம். இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர், அந்த ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கிச் செய்யப்பட்டது; 91.5 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம்) 83 அங்குலமாயிற்று. குறைந்தது நீளம் மட்டும் அன்று. ஹெரால்டில் நடு முதுகெலும்போடு இரு ஓரங்களிலும் சேசிஸின் சொந்தச் சட்டங்கள் ஓடின. கூரையோ போல்ட்டுகளில் நின்றது. அதனால்தான் அதே அடித்தளத்தில் கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள் ஒன்றையும் அவர்களால் எளிதாகச் செய்ய முடிந்தது. ஸ்பிட்ஃபயரில் அந்த ஓரச் சட்டங்களை எடுத்துவிட்டு, அவற்றின் வேலையைக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிகளிடம், அதாவது நம் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்லும் பகுதியிடம், ஒப்படைத்தார்கள். பின்சக்கரங்களை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்கூட இதில் சேசிஸில் மாட்டவில்லை, பாடியில்தான் மாட்டுகிறது. தனி சேசிஸ் இருக்கிறதே என்று எண்ணிப் பாடித் தகட்டை வெறும் மேற்போர்வையாக நினைப்பது இந்த வண்டிக்குச் செல்லாது.

இப்போது முறுக்கத்துக்கு, அதாவது ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏறும்போது வண்டி ஈரத்துணி பிழிவதுபோல் திருகிக்கொள்வதற்கு, வருகிறேன். பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர் சிலர், உங்கள் ஊர் ‘கரி’ மோட்டார் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகச் சிறிய பந்தயக் கார் ஒன்றைக் கட்டுகிறார்கள். மாலை வேளைகளில் அவர்களோடு உட்காருவது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. அவர்களுக்காகப் புதுப்பேட்டையிலிருந்து ஒரே அளவில் இரண்டு மெல்லிய குழாய்த் துண்டுகள் வாங்கி, ஒன்றை மட்டும் நீளவாக்கில் கிரைண்டரால் கீறி, கீறலின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். முழுக் குழாயைப் பையன்கள் இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மூச்சுப் பிடித்து முறுக்கியும் அது அசையவில்லை. கீறிய குழாய் இலேசான கைக்கே இணங்கியது. அப்போது சாக்பீஸ் கோட்டின் ஒரு பாதி முன்னாலும் மறு பாதி பின்னாலும் நழுவிப் போனதைப் பார்க்க வேண்டுமே! கீறலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நீளவாக்கில் நழுவுவதுதான் இந்தத் தளர்ச்சிக்குக் காரணம். 50 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய்க்குக் கணக்குப் போட்டால், மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு கீறிய குழாயினுடையதைப் போல 1,800 மடங்குக்கும் அதிகம். இரண்டிலும் உள்ள இரும்பு ஏறக்குறைய ஒரே எடைதான். அதே கீறலில் இடைவெளி விட்டு நான்கைந்து இடங்களில் வெல்டிங் பொட்டு வைத்ததும், விளிம்புகள் நழுவ வழியில்லாமல் குழாய் மறுபடியும் விறைத்துக்கொண்டது.

கூரை உள்ள கார் விறைப்பாக இருப்பதும் இதனால்தான். தளம், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து பெரிய மூடிய குழாயாகின்றன. கூரையை எடுத்துவிட்டால், மிஞ்சுகிற மூடிய குழாய்கள் இரண்டு ரன்னிங் போர்டுகளும் நடுவிலுள்ள சேசிஸும் மட்டுமே. கியர்பாக்ஸை மூடும் நடு மேடாவது உதவுமா என்றால், உங்கள் காரில் அது கழற்றி மாட்டும் வெறும் உறை. தாங்கும் வேலையில் அதற்குப் பங்கில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் வலப்பக்க ரன்னிங் போர்டின் கீழ் மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு மூன்றும் சேர்ந்து ஸ்பாட் வெல்டிங்கால் பிடித்திருக்க வேண்டிய இடம் அது. அங்கே தகடுகள் துருவேறி உப்பி விலகியிருக்கின்றன. மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய விட்ட துளைகளையும் யாரோ தார் பூசி அடைத்திருக்கிறார்கள். வெளியே பார்வைக்கு அது பெட்டி. உள்ளே என் கீறிய குழாய்தான். கதவு மூடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆங்கிள் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். அது வளைவைத் தாங்கும், முறுக்கத்தைத் தாங்காது. ‘ட’ வடிவம் மூடாத வடிவம் அல்லவா? 50க்கு 50, 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ. சுற்றிலும் 8 மீட்டர் வைத்தால் 36 கிலோ; மொத்தமே சுமார் 700 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது சிறிய சுமையன்று. அதோடு, ஏற்கெனவே தாழ்வாக இருக்கும் வயிறு இன்னும் இறங்கி நம் ஊர் வேகத்தடைகளில் உரசும். மூடாத இரும்பை முறுக்கத்துக்கு எதிராக வேலை வாங்க ஒரே வழி, அதைப் பெருக்கல் குறி வடிவில் வைத்து நடுவில் உறுதியாகப் பிணைப்பது. அப்போது சட்டத்தின் முறுக்கம் ஒவ்வொரு கையிலும் வளைவாக மாறிவிடும். 1930-களின் கார்கள் பலவற்றில் அப்படித்தான் செய்தார்கள். உங்கள் காரில் அந்த நடுப்புள்ளியில், எஞ்சினின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது; அங்கே அப்படிப் பிணைக்க இடமில்லை.

ஆகவே, புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், ஆலை மூடிக் கொடுத்த பெட்டியை மறுபடியும் மூடுங்கள். அதற்கான தகடு 18 கேஜ் போதும், அதாவது 1.2 மில்லிமீட்டர். பழைய தகட்டை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை, சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து வைக்கச் சொல்லுங்கள். வண்டியின் எடை சக்கரங்களின் மேலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பாடி தொங்கிய நிலையிலேயே நிலைத்துவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் கதவு இடைவெளியை நேராக்க முடியாது. கேஸ் வெல்டிங் வேண்டாம், அந்தச் சூட்டில் மெல்லிய தகடு நெளியும். கம்பி தானாக ஊட்டப்படும் மிக் (MIG) மின் வெல்டிங்கில் விரலகலத் தையல்களாக, அடுத்தடுத்து இல்லாமல் தாவித் தாவிப் போடட்டும். கீல் தூண் ரன்னிங் போர்டில் வந்து இறங்கும் மூலையையும், இருக்கைக்குப் பின்னால் ரேடியஸ் ஆர்ம் மாட்டும் மூலையையும் நீங்களே அருகில் நின்று பாருங்கள். பெட்டி நன்றாக இருந்தும் மூலை தளர்ந்திருந்தால் பயனில்லை. வலுப்படுத்தும் முக்கோணத் தகடு வைப்பதென்றால் அந்த இரண்டு இடங்களிலும் வைக்கலாம். முடிந்ததும் வடிகால் துளைகளைத் திறந்து, உள்ளே மெழுகு தெளிக்கச் சொல்லுங்கள்.

நடுக்கத்தைப் பற்றி இன்னொன்று. 13 அங்குல ரிம்மில் 155 டயர் போட்ட சக்கரம், 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 12 முறைக்கு மேல் சுற்றும். தளர்ந்த பாடியின் இயல்பான அதிர்வும் அந்த எண்ணை ஒட்டியே இருந்தால், ஒரு சக்கரத்தில் சிறிய பேலன்ஸ் குறை இருந்தாலும் போதும், டேஷ்போர்டு ஆடும். நான்கு சக்கரங்களையும் முதலில் பேலன்ஸ் பாருங்கள். செலவு மிகக் குறைவு. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள பேடுகள் நைந்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சுமை தாங்கா. முந்தைய உரிமையாளர் போட்ட அந்தக் கடினமான ஸ்பிரிங்குகளையும் கழற்றி வையுங்கள். சஸ்பென்ஷன் அசைய மறுத்தால் சேசிஸே ஸ்பிரிங் ஆகிவிடும். அதை அடக்க ஷாக் அப்சார்பரும் கிடையாது.

இதையெல்லாம் செய்த பிறகும் மனம் நிறையாவிட்டால் அளந்து பார்க்கலாம். மாணவர்களோடு செய்த முறைதான். பின்பக்கத்தை ஸ்டாண்டுகளில் அசையாமல் பூட்டி, முன்பக்கத்தை நடுவில் ஒற்றை முனையில் நிறுத்தி, குறுக்கே ஒரு நீளக் குழாயைக் கட்ட வேண்டும். நடுவிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி 40 கிலோ தொங்கவிட்டால் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அதற்குச் சேசிஸ் 0.2 டிகிரி திரும்பினால், விறைப்பு டிகிரிக்கு ஏறத்தாழ 3,000 நியூட்டன் மீட்டர். மொத்த எண்ணைவிட, ரன்னிங் போர்டின் நீளத்தில் அங்கங்கே டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவி) வைத்து எந்த இடத்தில் திருப்பம் சட்டென்று கூடுகிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியம். சங்கிலியாக நிற்கும் பகுதிகளில் மிகத் தளர்ந்ததே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விறைப்பான பகுதியை இரட்டிப்பாக்கினாலும் ஊசி அசையாது. மாணவர்கள் எஞ்சினைச் சுற்றிக் குழாய்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கேஜோ ஓட்டுநர் காலடியைக் காட்டியது.

பெரிய நிறுவனங்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கின்றன. உங்கள் காரோடு ஒரே ஆண்டில் வந்த லோட்டஸ் எலானில், மடித்த தகட்டால் ஆன பெட்டி முதுகெலும்பு நடுவில் ஓடி இரு முனைகளிலும் கவையாகப் பிரிகிறது. அதே லோட்டஸின், 1996-இல் வந்த எலீஸில், ஒட்டிச் சேர்த்த அலுமினியச் சேசிஸ் வெறும் 68 கிலோ. ஆனால் ஓரப் பெட்டி அவ்வளவு உயரம், வேட்டி கட்டிக்கொண்டு ஏற முடியாது. மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு 1.8 லிட்டர் எஞ்சின் கொடுத்தபோது, இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் மாட்டும் இரு தூண்களையும் இணைத்து ஒரு தண்டு வைத்தார்கள். அப்படியொரு தண்டு உங்கள் காரிலும் பின்னால் பொருந்தலாம். அதை அளவெடுத்த பிறகு பேசுவோம்.

பொங்கல் முடிந்து கோவைக்கு வருகிறேன்; டயல் கேஜ் இரண்டும் என் பையில் இருக்கும். அதற்குள் இடப்பக்க ரன்னிங் போர்டின் கீழ் மடிப்பையும் சுரண்டி, பட்டி இல்லாமல் படம் எடுத்து அனுப்புங்கள். தங்கையிடமும் பிள்ளைகளிடமும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்