கையை எடுக்கச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள அண்ணன், தங்கை, நூலகர் அக்கா மூவருக்கும் வணக்கம்.

பெயர் போடக் கூடாது என்று மூவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் உறவுமுறையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் நன்றியை நாலு பேர் முன்னால்தான் சொல்வேன். நான் சொதப்பியதும் நாலு பேர் முன்னால்தானே.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் வாசகசாலையின் புத்தகப் பட்டியல் ஓடுவது டெபியன் 11 (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டிருந்த ஒரு பழைய கணினியில். அந்தப் பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2024 ஆகஸ்ட் 14-உடன் முடிந்தது. நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் வரை என்று இருந்தது, அப்போது தலைபோகிற அவசரம் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை, வாசகசாலைக்கு விடுமுறை, எனக்குக் கை அரித்தது. டெபியன் 12-க்கு ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் கட்டத்தில் ஆப்ட், அதாவது டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கருவி, நின்றுவிட்டது. சிக்கலைச் சரிசெய்ய முடியவில்லையாம், உடைந்த பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) நான் மாறவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேனாம். நான் எதையும் நிறுத்தி வைக்கவில்லை. நிறுத்தி வைத்தவற்றைக் காட்டும் ஆப்ட்-மார்க்கிடம் பட்டியல் கேட்டால் காலியாக வருகிறது. இந்த ஒரு வாசகத்தால் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருக்குமோ! ஆத்திரத்தில், பட்டியல் பக்கம் ஓடத் தேவையான பி.எச்.பி.யைக் கழற்றி மறுபடி போடப் பார்த்தேன். கழன்றது, திரும்ப ஏறவில்லை. பட்டியல் பக்கம் படுத்துவிட்டது. மணி பதினொன்று.

அண்ணா, அந்த நேரத்தில் போனை எடுத்தீர்கள். "என்ன பண்ணின" என்று கேட்கவில்லை, "அடுத்து என்ன பண்ணப் போற" என்று கேட்டீர்கள். என்னிடம் இரண்டு திட்டம் இருந்தது. உறுப்பினர் ரசீதை பி.டி.எஃப். ஆக்கும் கருவி ஒன்றை முன்பு வெளியிலிருந்து இறக்கிப் போட்டிருந்தேன். அது லிப்எஸ்எஸ்எல் 1.1 (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் பழைய 1.1.1 வரிசைக் கோப்பு) வேண்டும் என்று அடம்பிடித்தது. டெபியன் 12-இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 மட்டும். பழைய பதிப்பிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துச் சொருகிவிடலாம் என்பது முதல் திட்டம். ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியிடம் "எது எதைச் சார்ந்தது என்று பார்க்காதே, திணி" என்று கட்டளையிடுவது இரண்டாவது.

"ரெண்டும் வேண்டாம், கீபோர்டுல இருந்து கையை எடு" என்றீர்கள். 1.1.1 வரிசைக்கு அதை உருவாக்கியவர்களே 2023 செப்டம்பரோடு பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள், அதைக் கொண்டுவந்து வைத்தால் காலாவதியான மருந்தை அலமாரியில் அடுக்குவது மாதிரி என்றீர்கள். திணித்தால் இன்றைக்கு ஏறும், நாளைக்கு வேறு எதைப் போட்டாலும் முதலில் உடைந்ததைச் சரிசெய் என்று ஆப்ட் மறிக்கும், சரிசெய்யச் சொன்னால் திணித்ததையே தூக்கி எறியும் என்றீர்கள். ஏற்கெனவே தட்டி வைத்திருந்த கட்டளையை அழித்தேன். அந்த இரவில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

தங்கச்சி, மறுநாள் காலை உனக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன். நீ வந்து உட்கார்ந்ததும் ஒன்றையும் நிறுவவில்லை, நீக்கவில்லை, கேள்வி மட்டும் கேட்டாய். எந்தப் பதிப்பு எங்கிருந்து கிடைக்கிறது என்று காட்டும் ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளையால் ஒவ்வொரு பேக்கேஜாக விசாரித்தாய். படங்களைக் கையாள மற்ற நிரல்கள் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியில் வந்து நின்றாய் (நூலகத்தின் கணினியில் லைப்ரரியைத் தேட வேண்டிய நிலைமை). நிறுவியிருந்த பதிப்புக்கு எதிரே 100 என்ற எண், அதற்குக் கீழே டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பு, அதாவது நிறுவியவற்றின் பதிவேடு, மட்டும். "அண்ணே, இது இப்ப இருக்கிற எந்தக் களஞ்சியத்துலயும் இல்ல. எங்கிருந்து வந்துச்சு?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு புதிய பி.எச்.பி.க்கு ஆசைப்பட்டு ஒரு வெளிக் களஞ்சியத்தை, அதாவது பேக்கேஜ்களை இறக்கும் வேறொரு இடத்தை, சேர்த்திருந்தேன். பிறகு களஞ்சியப் பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். வரி போனாலும் வந்த பேக்கேஜ் போகாது. அதன் பதிப்பு எண் டெபியன் 12-இல் இருப்பதைவிடப் பெரியது, ஆப்ட் தானாகப் பதிப்பைக் கீழே இறக்காது. அதன் துணைப் பேக்கேஜோ புள்ளி பிசகாமல் டெபியனுடைய பதிப்புதான் வேண்டும் என்கிறது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பழி என் தலையில். பழியும் நியாயம்தான்.

பதிப்பு எண்ணைக் கையால் குறிப்பிட்டுக் கீழிறக்கினோம். அதற்கு முன், எதையும் மாற்றாமல் ஒத்திகை ஓட்டம் பார்த்தது உன் பிடிவாதம். முதல் ஒத்திகையில் வெப் சர்வர் உட்பட 31 பேக்கேஜ்களை நீக்கப் போவதாக வந்தது. நானாக இருந்தால் 'ஒய்' தட்டியிருப்பேன். மூன்றாவது ஒத்திகையில் நீக்கும் பட்டியலில் ரசீதுக் கருவி மட்டும் மிஞ்சியது. அதைப் போக விட்டோம். ரசீதை இப்போது பிரவுசரிலிருந்தே அச்சடிக்கிறோம், யாரும் குறை சொல்லவில்லை.

பைத்தான் 3.9 போய் 3.11 வந்ததில் பைத்தான் நிரலுக்கான தனி அறையான பழைய வென்வ் செத்தது, பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் பிப் வேறு முரண்டு பிடித்தது. புது வென்வ் போட்டதும் சரியாயிற்று. அது பத்து நிமிட வேலை.

முகம் தெரியாதவர்களுக்கும் கடன் இருக்கிறது. டெபியன் 12-இன் வெளியீட்டுக் குறிப்புகளில் நான்காம் அத்தியாயம் எழுதியவர்களே, ஏற்றும் முன் டெபியனிலிருந்து வராத பேக்கேஜ்களைக் கண்டுபிடித்து நீக்கு என்று அதில் தெளிவாக எழுதி, பட்டியலெடுக்கும் கட்டளையையும் கொடுத்திருக்கிறீர்கள். நான் அதைப் படித்தது ஞாயிற்றுக்கிழமை. 64,419 பேக்கேஜ்களை ஒன்றோடொன்று சண்டை போடாமல் சேர்த்து வைத்திருக்கிற தொண்டர்களே, சண்டையை நான்தான் வெளியிலிருந்து கொண்டுவந்தேன்.

நூலகர் அக்கா, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய நீல நோட்டை எடுத்துத் தூசி தட்டி, கோடு போட்டு, எடுத்தவர் பெயரும் புத்தக எண்ணும் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். திங்கட்கிழமை "கம்ப்யூட்டர் சரியாயிடுச்சாப்பா?" என்றதோடு சரி. நோட்டிலிருந்த 43 பதிவையும் நானே ஏற்றிவிட்டேன். 17-ஆவது பதிவில் எண் 1 ஆ 7 ஆ என்று தெரியவில்லை, சனிக்கிழமை வந்து கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
வாசகசாலைக் கணினியைப் பார்த்துக்கொள்பவன்