அணு அதிர்வு: படம் பிடிப்பதல்ல, ஆற்றல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுக்கள் அதிர்வதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி 'நேரடியாகப் படம் பிடிக்கிறது' என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. போரானும் நைட்ரஜனும் சேர்ந்த போரான் நைட்ரைடில் அணுக்கள் நொடிக்கு 40 லட்சம் கோடி முறை அதிர்கின்றன. அந்த வேகத்தைத் தொடரும் கேமரா நுண்ணோக்கியில் கிடையாது. அங்கே நடப்பது ஆற்றல் கணக்கு. 60,000 எலெக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறு ஆற்றல்களை அளக்கும் அலகு) ஆற்றலோடு வரும் எலெக்ட்ரான், மாதிரியில், அதாவது ஆராயும் பொருளில், ஓர் அதிர்வைக் கிளப்பிவிட்டால் சுமார் 0.17 எலெக்ட்ரான் வோல்ட்டை இழந்து வெளியேறும். மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு! அந்த இழப்பைத்தான் அளக்கிறோம்.

சாதாரணக் கருவியில் இது தெரியாது. மூலத்திலிருந்து கிளம்பும்போதே எலெக்ட்ரான்களின் ஆற்றல் சுமார் 0.3 எலெக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரவியிருக்கும். எலெக்ட்ரான்களை ஆற்றல்வாரியாக எண்ணிக் காட்டும் வரைபடமான நிறமாலையில், நாம் தேடும் இழப்பின் முகடு அதற்குள் மூழ்கிவிடும். மோனோகுரோமேட்டர் என்ற ஆற்றல் வடிகட்டி எலெக்ட்ரான் கற்றையை ஆற்றல்வாரியாக விரித்து, குறுகிய பிளவு வழியாக நடுப்பகுதியை மட்டும் அனுப்புகிறது. 2014-ல் இந்த அகலம் சுமார் 0.01 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுருங்கிய பிறகே அதிர்வு முகடுகள் தெளிவாகப் பிரிந்தன. ஆனால் கற்றையின் பெரும்பகுதி பிளவிலேயே நின்றுவிடுகிறது. மிஞ்சும் மின்னோட்டம் சில பிக்கோ ஆம்பியர்தான் (ஒரு பிக்கோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு).

அதனால் நீண்ட நேரம் பதிய வேண்டியிருக்கிறது. அறை வெப்பம் சற்று மாறினாலும், மின்கம்பியின் காந்தப்புலம் புகுந்தாலும் நிறமாலை நகரும். ஒரே மூச்சில் பத்து நிமிடம் பதிந்தால் முகடு மழுங்கிப்போகும். சிறு சிறு துண்டுகளாகப் பதிந்து, ஒவ்வொன்றிலும் இழப்பில்லா எலெக்ட்ரான்களின் முகட்டை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கூட்டுவதே சரியான வழி. மாதிரியையும் வெற்றிடத்தில் சூடேற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மேலே படியும் கரிம அழுக்கின் கார்பன்–ஹைட்ரஜன் முகடு 0.36 எலெக்ட்ரான் வோல்ட் அருகே எழுந்து, மாதிரியுடையது போல ஏமாற்றும்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று: எல்லா அதிர்வு வரைபடமும் அணுத் துல்லியம் கொண்டதல்ல. அயனிப் பொருள்களில் மின்புலம் தொலைவுக்கு எட்டுவதால், கற்றையை விளிம்புக்கு வெளியே பல நானோமீட்டர் தள்ளி நிறுத்தினாலும் குறிகை வரும். கதிர் பட்டால் சிதையும் கரிமப் பொருள்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எந்த அணு அதிர்ந்தது என்பது தெரியாது. அதற்கு, பெரிய கோணத்தில் சிதறிய எலெக்ட்ரான்களை மட்டும் திரட்ட வேண்டும். எண்ணிக்கை இன்னும் குறையும். ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் பதிந்த ஒற்றைச் சிலிக்கான் அணுவின் அதிர்வை 2020-ல் பிரித்தறிந்தது இப்படித்தான்.

வெப்பநிலையையும் இதே நிறமாலை சொல்லும். ஏற்கெனவே அதிரும் அணுவிடமிருந்து சில எலெக்ட்ரான்கள் ஆற்றலைப் பெற்றும் வருகின்றன. 0.05 எலெக்ட்ரான் வோல்ட் அதிர்வுக்கு, அறை வெப்பத்தில் ஏழு இழப்புக்கு ஒன்று என்ற அளவில் ஆற்றல் பெற்றவை இருக்கும். மாதிரி சூடாக ஆக, இழந்தவற்றுக்கும் பெற்றவற்றுக்கும் உள்ள இந்த இடைவெளி குறையும். இந்த விகிதத்திலிருந்தே, தனி வெப்பமானி இல்லாமல், கற்றை படும் இடத்தின் வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

கட்டுரையோடு வந்த வண்ணப்படத்தின் கீழ் 'அணுக்களின் புகைப்படம்' என்பதற்குப் பதிலாக 'ஆற்றல் இழப்பு வரைபடம்' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வாளர்கள்